எட்டாவதில் என்.சி.சி சேரப் போகிறாயா? இதைப் படித்துவிட்டுப் போ

ஜூன் மாதம் பள்ளி திறந்து கொஞ்ச நாளில், காலை பிரேயர் முடிகிற நேரத்தில், ஒரு ஆசிரியர் மைக்கைப் பிடித்து "என்.சி.சி-யில் சேர விருப்பம் உள்ள எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சாயங்காலம் மைதானத்துக்கு வரவும்" என்பார். பல பள்ளிகளில் மொத்த விளம்பரமே அவ்வளவுதான். அன்றைக்கு லீவு போட்டிருந்தால், அல்லது பின்வரிசையில் நின்று கதை பேசிக்கொண்டிருந்தால், போனது போனதுதான். அதனால் அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காதே, பள்ளி திறந்த முதல் வாரமே நீயாகப் போய் என்.சி.சி ஆசிரியர் யார் என்று கேள்.

நான் எட்டிலும் ஒன்பதிலும் ஜூனியர் விங், கல்லூரியில் மூன்று வருஷம் சீனியர் விங். இந்த வருஷம் அக்கா மகள் எட்டாவது போகிறாள், அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அதனால் 'நீ' என்றே வரும், கோபித்துக்கொள்ளாதே.

என்.சி.சி, அதாவது தேசிய மாணவர் படை, 1948-ல் தனிச் சட்டம் போட்டுத் தொடங்கியது. அடுத்த வருஷமே பெண்கள் பிரிவு வந்துவிட்டது, அப்புறம் 1950-ல் விமானப் படைப் பிரிவு, 1952-ல் கடற்படைப் பிரிவு. 1962 சீனப் போருக்குப் பிறகு கல்லூரிகளில் கட்டாயமாக்கி, 1968-ல் திரும்ப விருப்பப் பாடம் மாதிரி ஆக்கிவிட்டார்கள். அந்த நடுவில் கல்லூரியில் படித்த தாத்தா யாராவது வீட்டில் இருந்தால் கேட்டுப் பார், பெரிய கதையே சொல்வார். இப்போது யாரும் உன்னைக் கட்டாயப்படுத்த முடியாது. இன்னொன்று, இதில் சேர்ந்தால் பட்டாளத்துக்குப் போயே ஆக வேண்டும் என்று எதுவும் கிடையாது, கேடட்டை, அதாவது என்.சி.சி-யில் இருக்கிற மாணவரை, போருக்கு அழைக்கவும் மாட்டார்கள். இதை நீ தெரிந்துகொள்வதைவிட உன் அம்மா தெரிந்துகொள்வது முக்கியம். எங்கள் வீட்டில் ஃபார்மில் கையெழுத்து விழ நான்கு நாள் ஆனதற்கு இந்தப் பயம்தான் காரணம்.

பள்ளியில் ஜூனியர் பிரிவு இரண்டு வருஷம், பெரும்பாலும் எட்டும் ஒன்பதும். பையன்களுக்கு ஜூனியர் டிவிஷன், பெண்களுக்கு ஜூனியர் விங் என்று பெயர். கல்லூரியில் சீனியர் டிவிஷன், சீனியர் விங், அது மூன்று வருஷம். பள்ளியில் விட்டால் கல்லூரியில் பிடிக்கலாம், முன்பு ஜூனியரில் இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் பத்தாவதில் போய் நின்றால் "அடுத்த வருஷம் பப்ளிக் எக்ஸாம் முடித்துவிட்டு வா" என்றுதான் திருப்பி அனுப்புவார்கள், ஏனென்றால் இரண்டு வருஷக் கணக்கு அங்கே ஒத்துவராது. உன் பள்ளியில் என்.சி.சி-யே இல்லை என்றால் சாரணர் இயக்கமோ ஜே.ஆர்.சி என்கிற ஜூனியர் ரெட் கிராஸோ இருக்கிறதா பார். அது வேறு இது வேறுதான், ஆனாலும் சும்மா இருப்பதற்கு அது மேல்.

உன் பள்ளியில் இதைப் பார்த்துக்கொள்பவர் ஏ.என்.ஓ, அதாவது அசோசியேட் என்.சி.சி ஆபீசர். அவர் வெளியிலிருந்து வருபவர் இல்லை, உனக்குக் கணக்கோ அறிவியலோ எடுக்கிற ஆசிரியரேதான் பயிற்சி முடித்து, பரேடு நாளில் மட்டும் காக்கி போட்டு 'தேர்ட் ஆபீசர்', 'செகண்ட் ஆபீசர்' என்று நிற்பார். அவருக்கு மேல் பட்டாலியன், அதாவது பல பள்ளி, கல்லூரிகளின் என்.சி.சி-யைச் சேர்த்துப் பார்த்துக்கொள்கிற அலுவலகம் இருக்கிறது, அங்கிருந்து ராணுவத்தில் பணியில் இருக்கிற ஹவில்தார், சுபேதார் எல்லாம் பயிற்சி கொடுக்க வருவார்கள். அவர்களை நாங்கள் 'பி.ஐ ஸ்டாஃப்' என்போம். பெண்கள் முகாம்களுக்கு ஜி.சி.ஐ என்று பெண் பயிற்சியாளர்களும் உண்டு. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அந்தமானுக்கும் சேர்த்து ஒரே இயக்ககம், சென்னையில் இருக்கிறது. இந்தியா முழுக்க இப்படி 17 இயக்ககங்கள். இந்த வரிசையை இப்போதே ஏன் சொல்கிறேன் என்பது முகாம் பற்றிப் பேசும்போது புரியும்.

தேர்வு நாளுக்கு வருவோம். இடம் குறைவு, ஒரு ட்ரூப்புக்கு, அதாவது ஒரு பள்ளியின் என்.சி.சி அணிக்கு, ஐம்பது அல்லது நூறு பேர், அதிலும் பாதி ஏற்கெனவே இரண்டாம் வருஷத்தில் இருப்பவர்கள். வந்து நிற்கிற கூட்டம் அதைவிட அதிகம். உயரம் பார்ப்பார்கள், ஓடச் சொல்வார்கள், சில இடத்தில் தண்டால் எடுக்கச் சொல்வார்கள், அப்புறம் இரண்டு மூன்று கேள்வி. குள்ளமாக இருக்கிறேன், கண்ணாடி போட்டிருக்கிறேன் என்று கிளம்பாமலே இருந்துவிடாதே. எங்கள் ட்ரூப்பில் கண்ணாடி போட்டவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், நானே குள்ளம்தான். ஓட்டத்தில் முதலில் வருவதைவிடப் பாதியில் நடக்காமல் முடிப்பது முக்கியம். முந்தின இரண்டு வாரம் தினமும் காலையில் பத்து நிமிஷம் மெதுவாக ஓடினாலே அதற்குப் போதும்.

"ஏன் சேர விரும்புகிறாய்?" என்று கட்டாயம் கேட்பார்கள். "நாட்டுக்குச் சேவை செய்ய" என்று எல்லாரும் ஒரே ராகத்தில் சொல்வார்கள், சொல்லட்டும். பின்னாளில் நான் அண்டர் ஆபீசராகி, அதாவது கேடட்டுகளுக்கே தலைவியாகி, புதிதாக வருபவர்களை வரிசையில் நிறுத்துகிற வேலை எனக்கு வந்தபோதுதான் ஏ.என்.ஓ உண்மையில் எதைப் பார்க்கிறார் என்று தெரிந்தது. இந்தப் பிள்ளை ஒவ்வொரு வாரமும் வருமா, அவ்வளவுதான். ட்யூஷன் எத்தனை மணிக்கு, வீடு எவ்வளவு தூரம், கடைசி பஸ் எப்போது என்று அவர் கேட்பது சும்மா விசாரிப்பு இல்லை. அதற்குத்தான் தயாராகப் போக வேண்டும். "வெள்ளிக்கிழமை ட்யூஷனை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன், ஆறே கால் பஸ்ஸில் போய்விடுவேன்" என்று ஒருத்தி சொன்னாள் என்றால் அவளை எடுத்துவிடுவார்கள், உயரம் இரண்டு அங்குலம் குறைந்தாலும்.

காகித வேலை பெரிதில்லை. பெற்றோர் சம்மதக் கையெழுத்து, ஆதார் நகல், போட்டோ, உடம்பு நன்றாக இருக்கிறது என்பதற்கு டாக்டர் சான்று, உன் பெயரில் வங்கிக் கணக்கு. ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு மாதிரி ஏதாவது இருந்தால் மறைக்காதே. வெயிலில் மயங்கி விழுகிற அன்றைக்கு அது தெரியவருவது யாருக்கும் நல்லதில்லை. செலவு? அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் வழக்கமாகக் கையிலிருந்து பெரிதாக எதுவும் போகாது. சில தனியார் பள்ளிகளில் சுயநிதித் திட்டத்தில் நடக்கிறது, அங்கே கட்டணம் இருக்கும், முதலிலேயே எவ்வளவு என்று கேட்டு ரசீது வாங்கிக்கொள்.

சரி, எடுத்துவிட்டார்கள். மறுநாளே துப்பாக்கியைக் கையில் கொடுப்பார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டு வருகிறோம். கொடுக்க மாட்டார்கள். முதல் இரண்டு மாதம் நிற்பது, திரும்புவது, நடப்பது, மறுபடி நிற்பது, அவ்வளவுதான். காக்கிகூட அப்போது வந்திருக்காது, வெள்ளை கேன்வாஸ் ஷூவும் பி.டி டிரெஸ்ஸுமாக வெயிலில் நிற்க வேண்டும். ஆள் கழல்வது இந்த இரண்டு மாதத்தில்தான். எங்களோடு சேர்ந்தவர்களில் தீபாவளிக்குள் பத்துப் பேரைக் காணோம். உண்மையான தேர்வே அதுதான் என்பது என் கருத்து. ஓட்டமும் தண்டாலும் வெறும் சடங்கு.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில் கூடுதலாக ஒரு தலைவலி, கட்டளை எல்லாம் ஹிந்தியில். சாவ்தான் என்றால் விறைப்பாக நில், விஷ்ராம் என்றால் கால் அகற்றிக் கையைப் பின்னால் கட்டு. தாயினே முட் வலப்பக்கம், பாயே முட் இடப்பக்கம், பீச்சே முட் பின்பக்கம். தேஜ் சல் என்றால் நடக்க ஆரம்பி, தம் என்றால் நில். மொத்தம் இருபது இருபத்தைந்து சொல், ஒரு வாரத்தில் காது பழகிவிடும், ஹிந்தி தெரிய வேண்டியதில்லை. எனக்குத் தாயினேவும் பாயேவும் மாறி மாறி வந்து, அறுபது பேர் ஒரு பக்கம் திரும்ப நான் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பி, எதிரில் நின்றவள் மூக்கைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அப்புறம் இடது மணிக்கட்டில் ஒரு கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டேன். பாயே என்றால் கயிற்றுப் பக்கம். சீருடை வந்ததும் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார்கள், அதற்குள் பழகிவிட்டது.

சாவ்தானில் நிற்பதைச் சும்மா நினைக்காதே. குதிகால் இரண்டும் ஒட்டியிருக்க வேண்டும், பாதத்தின் முன்பக்கம் கொஞ்சம் விரிந்திருக்க வேண்டும், விரல்களை மடக்கி முஷ்டியாக்கி, கட்டைவிரல் முன்னால் பார்க்கப் பேன்ட் தையலோடு கை ஒட்ட வேண்டும். இதில் முட்டியை இரும்பு மாதிரி இறுக்கிக்கொண்டு நின்றால்தான் தலை சுற்றும். வெளியே தெரியாத அளவுக்கு முட்டியை லேசாகத் தளர்த்தி, ஷூவுக்குள் கால் விரல்களை மட்டும் அசைத்துக்கொண்டே இரு. காலையில் எதுவும் சாப்பிடாமல் பரேடுக்கு வராதே, விழுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வெறும் வயிற்றோடு வந்தவர்கள்தான்.

நடையில் எல்லாருக்கும் வருகிற வியாதி ஒன்று உண்டு. இடது கால் போகும்போது இடது கையும் சேர்ந்து போகும். தெருவில் போகும்போது ஒரு நாளும் வராத தப்பு, 'நான் இப்போது மார்ச் பண்ணப் போகிறேன்' என்று நினைத்த மாத்திரத்தில் வந்துவிடும், பார்க்கிறவர்கள் பொம்மை நடக்கிற மாதிரி இருக்கிறது என்று சிரிப்பார்கள். இதற்கு மருந்து, வீட்டு மாடியில் யாரோடாவது பேசிக்கொண்டே சாதாரணமாக நட, பேச்சை நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கு. காலைக் கவனிக்காதே. மூன்று நாளில் சரியாகிவிடும்.

சீருடை வந்ததும் முதல் வேலை பூட்ஸ். புதுத் தோல் குதிகாலைக் கடித்துக் கொப்புளம் போடாமல் விடாது. குதிகால் படுகிற இடத்தில் உள்பக்கம் தேங்காய் எண்ணெய் தடவி, தடித்த சாக்ஸ் போட்டு, வீட்டுக்குள்ளேயே ஒரு வாரம் தினமும் அரை மணி நேரம் நட. பெல்ட் பித்தளையைப் பிராசோ பாலிஷ் போட்டுத் துடைக்கும்போது துணியை விரித்துக்கொள், தப்பித்தவறி அது காக்கியில் பட்டால் வெள்ளைக் கறை. இஸ்திரி மடிப்பு ஒரே கோடாக இருக்கட்டும், இரண்டு கோடு விழுந்தால் ஹவில்தார் கண்ணுக்கு அது மட்டும்தான் தெரியும். பெண் பிள்ளைகளுக்குக் கொண்டை போட வராவிட்டால் வலை வாங்கிக்கொள், தொப்பி நிற்காமல் நழுவிக்கொண்டே இருப்பது பெரிய இம்சை.

பரேடு முடிந்ததும் கொடுக்கிற சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம் சேரும். எங்களுக்குப் பரோட்டா, சால்னாவை பாலிதீன் பையில் முடிந்து தருவார்கள். சில வாரம் பூரி கிழங்கு. வியர்வையும் மண்ணுமாக மைதானத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அதைத் தின்றதற்காகவே ஒன்பதாவது வரை நீடித்தவர்களை எனக்குத் தெரியும், அதில் ஒரு தப்பும் இல்லை.

வருகைக் கணக்கில் மட்டும் விளையாடாதே. சான்றிதழ்த் தேர்வு எழுத 75 சதவீதம் பரேடு வந்திருக்க வேண்டும், அதோடு முகாமும் போயிருக்க வேண்டும். மழை, காய்ச்சல், மாமா கல்யாணம் என்று போனால் நாலில் ஒரு பங்கு தானாகவே கழிந்துவிடும், சோம்பலுக்கு என்று மிச்சம் எதுவும் இருக்காது. ஒரு நோட்டின் பின்பக்க அட்டையில் தேதி போட்டு நீயே ஒரு கணக்கு வைத்துக்கொள்.

வருடாந்திர முகாம் பத்து நாள். ஏதாவது ஒரு கல்லூரியிலோ பெரிய பள்ளியிலோ நடக்கும், பல ஊர்ப் பிள்ளைகள் வருவார்கள். விடிவதற்கு முன் விசில், பல் தேய்க்க வரிசை, குளிக்க வரிசை, தட்டு ஏந்திச் சாப்பாட்டுக்கு வரிசை. முதல் மூன்று நாள் அழுகை வரும், ஏழாம் நாள் வீட்டுக்குப் போக மனசு வராது, இது எல்லாருக்கும் நடப்பதுதான். எடுத்துப் போக வேண்டியவற்றில் பலர் மறப்பது இவற்றைத்தான்: பெட்டிக்குப் பூட்டு, துணி காயப்போடக் கயிறு, ஊசி நூல், சேஃப்டி பின், கொசுவுக்குத் தடவுகிற களிம்பு, கூடுதலாக இரண்டு ஜோடி சாக்ஸ். தட்டிலும் டம்ளரிலும் பெயர் கீறி வை. தங்கம் எதுவும் போட்டுக்கொண்டு போகாதே. போனைப் பெரும்பாலும் வாங்கி வைத்துவிடுவார்கள், வீட்டு நம்பரை மனப்பாடம் செய்துகொள். மாதவிடாய் நாள் வந்தால் ஜி.சி.ஐ அக்காவிடமோ கூட வந்த மேடத்திடமோ நேராகச் சொல், ஓட்டத்திலிருந்து விலக்கு கொடுப்பார்கள். கூச்சப்பட்டுக்கொண்டு ஓடி, வலியில் சுருண்டு படுத்தவர்களில் நானும் ஒருத்தி.

துப்பாக்கி சுடுவது பெரும்பாலும் முகாமில்தான். பாயின்ட் டூ டூ ரைஃபிள், தரையில் குப்புறப் படுத்துச் சுட வேண்டும். கட்டையைத் தோள் குழியில் நன்றாக இறுக்கி வை, மூச்சைப் பாதி விட்டு அங்கேயே நிறுத்து, விசையை வெடுக்கென்று இழுக்காமல் மெதுவாக அழுத்து. குண்டு எப்போது போகும் என்று உனக்கே தெரியாமல் போனால் நன்றாகச் சுட்டிருக்கிறாய் என்று அர்த்தம். ஐந்து குண்டும் நடுப்புள்ளியில் விழாவிட்டாலும் பரவாயில்லை, ஐந்தும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள், அதற்கு குரூப்பிங் என்று பெயர். சுட்டு முடித்ததும் காலி உறைகளை எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் எல்லாரும் புல்லில் தவழ்ந்து தேட வேண்டியதுதான். ஞாபகார்த்தமாக ஒன்றைப் பையில் போடலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

இப்போது அப்பா அம்மாவுக்கு. 2024-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் என்.சி.சி முகாம் என்று பொய் சொல்லி ஒரு தனியார் பள்ளிக்குள்ளேயே முகாம் நடத்தி, அங்கே தங்கிய மாணவிகளுக்கு நடந்த கொடுமை எல்லாருக்கும் நினைவிருக்கும். நடத்தியவர்களுக்கும் என்.சி.சி-க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. முன்னால் ஏ.என்.ஓ, பட்டாலியன், இயக்ககம் என்று அந்த வரிசையைச் சொன்னேனே, இதற்குத்தான். உண்மையான முகாமுக்குப் பட்டாலியனிலிருந்து உத்தரவு வரும், அதில் எங்கே, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, யார் பொறுப்பு என்றெல்லாம் இருக்கும். பணியில் இருக்கிற ராணுவ அதிகாரி முகாமை நடத்துவார், பெண் பிள்ளைகளோடு பெண் பொறுப்பாளர் தங்குவார். அந்த உத்தரவைக் காட்டச் சொல்லுங்கள், பட்டாலியன் அலுவலகத்துக்கே போன் போட்டுக் கேளுங்கள். கேட்பதற்கு யாராவது முகம் சுளித்தால் பிள்ளையை அனுப்பாதீர்கள். ட்ரூப்பே இல்லாத பள்ளியில் திடீரென்று ஒரு 'கமாண்டர்' சார் முளைத்து மூன்று நாள் முகாம் என்றால் அப்போதே சந்தேகம் வர வேண்டும். உண்மையான முகாமிலும் யாராவது தொடுவது, தனியே கூப்பிடுவது, அடிப்பது என்று நடந்தால், அது 'டிசிப்ளின்' இல்லை. 1098 குழந்தைகள் உதவி எண், பிள்ளைக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கட்டும்.

சான்றிதழால் என்ன கிடைக்கும் என்பதுதான் எல்லார் வீட்டுக் கேள்வியும். உள்ளதைச் சொல்கிறேன். பள்ளியில் கிடைப்பது 'ஏ' சான்றிதழ், அதை மட்டும் வைத்துப் பெரிதாக ஒன்றும் நடந்துவிடாது. கல்லூரியில் இரண்டாம் வருஷம் 'பி', மூன்றாம் வருஷம் 'சி'. கனம் 'சி'-க்குத்தான். பட்டம் முடித்து, 50 சதவீத மதிப்பெண்ணும் 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடும் இருந்தால், எழுத்துத் தேர்வு இல்லாமல் நேராக எஸ்.எஸ்.பி என்கிற ராணுவ அதிகாரி நேர்முகத் தேர்வுக்குப் போகிற சிறப்பு நுழைவு ராணுவத்தில் இருக்கிறது, பெண்களுக்கும் உண்டு. தேறினால் பயிற்சி எங்கே தெரியுமா, நம் சென்னைப் பரங்கிமலையில் இருக்கிற ஓ.டி.ஏ என்கிற ராணுவ அதிகாரிகள் பயிற்சி நிலையத்தில். போலீஸ் தேர்விலும் என்.சி.சி-க்குத் தனி மதிப்பெண் கொடுக்கிறார்கள். ஜனவரியில் டெல்லி குடியரசு தின முகாம், சுருக்கமாக ஆர்.டி.சி, அதற்குப் பட்டாலியன், பல பட்டாலியன் சேர்ந்த குரூப், இயக்ககம் என்று ஒவ்வொரு கட்டமாகச் சலித்து எடுப்பார்கள். நான் குரூப் வரை போய்த் திரும்பியவள், நடை நன்றாக இருந்தது, உயரம் காலை வாரிவிட்டது.

பிடிக்கவில்லை என்றால் விலகிவிடலாம், யாரும் ஜெயிலில் போட மாட்டார்கள். ஆனால் சொல்லாமல் நின்றுவிடாதே. ஏ.என்.ஓ-விடம் போய்ச் சொல்லி, கொடுத்த பொருள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வா. உன் இடத்துக்கு வெளியில் ஒருத்தி காத்திருப்பாள்.

கடைசியாக ஒன்று, சேருகிற அன்றைக்கே செய்ய வேண்டியது. ஃபார்மில் பெயர் எழுதும்போது ஆதாரில் எப்படி இருக்கிறதோ, பள்ளிப் பதிவேட்டில் எப்படி இருக்கிறதோ, அதே எழுத்து, அதே இனிஷியல். முன்னால் போடுவதா பின்னால் போடுவதா, அப்பா பெயரை முழுதாக எழுதுவதா என்று நமக்கு இருக்கிற குழப்பம் வேறு யாருக்கும் கிடையாது. ஆதாரிலும் பதிவேட்டிலும் வேறு வேறாக இருந்தால் முதலில் அதைத் திருத்து. என் 'ஏ' சான்றிதழில் இனிஷியல் விட்டுப்போய், அதைச் சரிசெய்ய கல்லூரி முதல் வருஷம் முழுக்க மனு எழுதிக்கொண்டு திரிந்தேன்.